முந்தைய ரீடிங்

ஜனவரியில் நான் ஏறும் படிக்கட்டுகளில்
புது ரப்பர் வாசம் அடிக்கும்.
மீட்டர் பெட்டிக்குக் கீழே
யாரோ ஒருவரின் ஓட்டக் காலணி,
நாக்கில் விலைச்சீட்டு பிய்க்கப்படாமல்.

அயனாவரத்தில் எழுநூற்றுச் சொச்சம் இணைப்புகள் என் பொறுப்பு.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
வாசலில் நின்று எண்களைக் குறிக்கிற வேலை.
கதவு திறந்திருந்தால் கூடம்வரை தெரியும்.
பார்க்கக் கூடாதுதான்.
தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்கும்போது
பார்க்காமல் எப்படி?

மொய்தீன் சார் வீட்டுக்கு டிரெட்மில் வந்தது.
ஜனவரியில் அதில் நடந்துகொண்டே
"நிறுத்த முடியாதும்மா, நீங்களே பாத்துக்குங்க" என்றார்.
மார்ச்சில் கைப்பிடியில் ஒரு துண்டு காய்ந்தது.
ஜூலையில் இரண்டு போர்வை, ஒரு பள்ளிச் சீருடை.
யூனிட் குறைந்ததற்கு
அவர் மனைவி என்னைத்தான் பாராட்டினார்.

கிளாரா டீச்சரின் பிரிட்ஜ் கதவில்
பன்னிரண்டு தீர்மானங்கள், எண் போட்டு, பச்சை மையில்.
ஒவ்வொரு தடவையும் சில வரிகள் அடிபட்டிருக்கும்.
முடிச்சதை அடிக்கிறீங்களா, முடியாததையா?
கேட்டேவிட்டேன்.
"ரெண்டையும்தான்" என்றார்
தேங்காய் துருவிக்கொண்டே.

அம்சவேணி எதையும் எழுதி ஒட்டவில்லை.
படிக்கட்டுக்கு அடியில் நின்ற அவள் ஸ்கூட்டியில்
ஜனவரியில் ஒரு கீறல்,
மார்ச்சில் ஐந்து.
மே மாதம் இடது கண்ணாடியே இல்லை.
ஜூலையில் ஸ்கூட்டியும் இல்லை.
விற்றுவிட்டாளோ என்றேன் பக்கத்து வீட்டில்.
"அம்பத்தூருக்கு வேலைக்குப் போறா, அதுலதான்."

தணிகைவேலுக்கு இருந்தது ஒன்றே ஒன்று,
டிசம்பருக்குள் கடன் அடைய வேண்டும்.
காலண்டர் அட்டையின் முதுகில் தொகையை எழுதி
ஆணியில் மாட்டியிருந்தார்.
செப்டம்பரில் பியூஸைப் பிடுங்க வந்தவர்களுக்கு
அந்த வீட்டைக் காட்டியது நான்.
"அடுத்த தடவை பாருங்க" என்றார், கோபமே இல்லாமல்.
அடுத்த தடவை
பூட்டிய வீடு என்று பதிந்தேன்.
ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.
ஆணி மட்டும் இருந்தது.

இன்று டிசம்பர் முப்பத்தொன்று, இரவு பதினொன்றரை.
மடியில் நகைக்கடை கொடுத்த டைரி.
பழைய மூன்று டைரிகளின் முதல் பக்கத்திலும்
என் கையெழுத்தில் ஒரே வாக்கியம்:
இந்த வருடம் இலாகா தேர்வு எழுதி முடிப்பேன்.
அடிக்கோடு மட்டும்
வருடத்துக்கு வருடம் தடிக்கிறது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கழித்தல் கணக்கு.
இப்போதைய ரீடிங், முந்தைய ரீடிங்.
எவ்வளவு ஓட வேண்டும் என்று
எந்த மீட்டரிலும் எழுதியிருப்பதில்லை.
அதனால் இந்தத் தடவை
எங்கே நிற்கிறேன் என்பதை மட்டும் குறிக்கிறேன்.

தேர்வுப் புத்தகம், பக்கம் பதினேழு.
சேமிப்பு ஆயிரத்து இருநூறு, அதிலும் முந்நூறு அம்மாவுடையது.
முட்டி வலி மூன்றாவது மாடியில் ஆரம்பிக்கிறது.
பிப்ரவரி கடைசியில் கழித்துக்கொள்கிறேன்.
ஊருக்கெல்லாம் முதல் நூறு யூனிட் இலவசம்;
என்னுடைய முதல் நூறு சோம்பலை
நானே தள்ளுபடி செய்துகொண்டேன்.

கடைசி வரியில் பேனா நின்றது.
தம்பியோடு பேசாத நாள், நூற்று நாற்பத்தொன்று.
வாடகை விஷயம்.
யார் முதலில் கத்தியது என்பது மறந்துவிட்டது,
இல்லை, நான்தான்.
எனக்குத் தெரிந்து
பூஜ்யத்துக்குத் திருப்ப முடிகிற மீட்டர்
இது ஒன்றுதான்.

கொன்னூர் நெடுஞ்சாலையில் பைக்குகள்
புது வருடத்தைத் துரத்திக்கொண்டு போகின்றன.
சர்ச் மணி அடிக்கத் தொடங்கும்போது
நான்கு ரிங் போயிருந்தது.
எடுத்தான். பின்னால் தாம்பரத்து வெடிச்சத்தம்.
இரண்டு பக்கமும் பேச்சில்லாமல்
செகண்டு மட்டும் ஓடியது.
பிறகு கேட்டான்,

"என்னக்கா, கரண்ட் போயிடுச்சா?"